சறுக்கவும் கற்போம்!

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவர்)

"யானைக்கும் அடி சறுக்கும்" என்று சொல்லாத பாட்டி நம் நாட்டில் இல்லை. ஆனால், சறுக்கிய பிறகு யானை என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக் கொடுத்த பாட்டியை நான் இதுவரை கண்டதில்லை. நடக்கக் கற்றுத் தருகிறோம். சைக்கிள் விடக் கற்றுத் தருகிறோம். காசு வாங்கிக் கொண்டு கார் ஓட்டவும் கற்றுத் தருகிறோம். கார் சறுக்கினால் மீள்வது எப்படி என்பதை மட்டும் எவரும் கற்றுத் தருவதில்லை. அதைக் கற்றுத் தர வேண்டும். அதற்கென்று ஒதுக்கிய மைதானத்தில், குறைந்த வேகத்தில், ஓட்டுநர் உரிமம் கைக்கு வருமுன்பே கற்றுத் தர வேண்டும். இதுவே இக்கட்டுரையின் வாயிலாக நான் முன்வைக்க விரும்பும் கருத்து.

"காரைச் சறுக்க விடுவதா? அது சினிமாக்காரர்கள் வேலையல்லவா!" என்று பேராசிரியப் பெருமக்கள் முகம் சுளிக்க வேண்டாம். சறுக்கு என்பது மதுரைக்குப் புதிய விஷயமன்று. சித்திரைத் திருவிழாவின்போது மாசி வீதிகளின் மூலையில் நின்று தேர் பார்த்தவர்கள் நம்மில் எத்தனையோ பேர். தேருக்கு ஸ்டீயரிங் கிடையாது. அதன் சக்கரங்களுக்கு நேராக உருள மட்டுமே தெரியும். அப்படிப்பட்ட தேர், தெற்கு மாசி வீதியிலிருந்து மேல மாசி வீதிக்குத் திரும்புகிறதே, எங்ஙனம்? சக்கரத்தின் அடியில் கட்டை கொடுக்கிறார்கள். கட்டையில் ஏறிய சக்கரம் பக்கவாட்டில் நழுவுகிறது. தேரின் முகம் திரும்புகிறது. அந்தக் கட்டைக்கு நம் மக்கள் வைத்திருக்கும் பெயரே சறுக்குக் கட்டை! தேரைச் சறுக்க வைத்துத் திருப்பத் தெரிந்த ஊரில், காரைச் சறுக்கலிலிருந்து மீட்கத் தெரிந்தவர்கள் இத்தனை குறைவாக இருப்பது ஏன்?

இந்தக் கேள்வி எனக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை. என் வீட்டிலிருந்து வந்தது.

அப்பாவின் கால்

என் தந்தையார் வாடகைக் கார் ஓட்டுநர். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். இருபது ஆண்டுகளுக்கு மேல் அம்பாசிடர் ஓட்டியவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான் என்றால், அந்த வாசல் வரை என்னைக் கொண்டுவந்து சேர்த்தது அந்த அம்பாசிடர்தான். இப்போது அவர் வேறொருவருக்குச் சொந்தமான, சற்றே பழைய சிறிய கார் ஒன்றைச் சம்பளத்துக்கு ஓட்டுகிறார்.

சென்ற ஆண்டு ஐப்பசி மாதம். பல நாள் வெயிலுக்குப் பிறகு மாலையில் முதல் மழை. அழகர்கோவில் சாலையில் இரண்டு பயணிகளோடு வந்து கொண்டிருந்தார். ஒரு வளைவில் வண்டி திரும்பிக் கொண்டிருக்கும்போது எதிரே ஆட்டு மந்தை. அப்பா திடுக்கிட்டு ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தார். பிரேக்கைக்கூடத் தொடவில்லை. அந்தக் கணத்தில் வண்டியின் பின்புறம் வெளிப்பக்கமாக வீசியது. ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் ஒடித்தார். காலை முழுவதுமாக எடுத்து விட்டார். வண்டி ஒரு முழுச் சுற்றுச் சுற்றிச் சாலையோரப் பள்ளத்தில் இறங்கியது. பயணிகளுக்குச் சிராய்ப்போடு போயிற்று. அப்பாவுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. இரண்டு மாதம் வேலையில்லை. வண்டி உரிமையாளர், "டிரைவர் கவனக்குறைவு" என்று சொல்லிப் பழுது பார்த்த செலவில் ஒரு பகுதியைச் சம்பளத்தில் பிடித்துக் கொண்டார்.

பணம் போனது எங்களுக்குப் பழகிய துன்பம். ஆனால் அப்பா கட்டிலில் படுத்துக் கொண்டு, "இத்தனை வருஷ சர்வீஸ்ல என் கை தப்புனதில்லையேப்பா" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாரே, அதைத்தான் என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. அவர் தன்னையே குற்றவாளியாக நினைத்துக் கொண்டார். அப்போதுதான் நான் என் பௌதிக நோட்டை எடுத்தேன். வகுப்பில் மதிப்பெண்ணுக்காகப் படித்த உராய்வும் நிலைமமும் முதல் தடவையாக எங்கள் வீட்டுக்குத் தேவைப்பட்டன.

நூறு ரூபாய்ச் சம்பளம்

நான்கு டயர்களும் சாலையைத் தொடும் இடம் ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவுதான். அந்த நான்கு உள்ளங்கைகளை நம்பித்தான் ஒரு குடும்பமே காரில் போகிறது. ஒவ்வொரு டயருக்கும் சாலை தரும் பிடிமானத்தை நூறு ரூபாய்ச் சம்பளம் என்று வைத்துக் கொள்ளுங்கள். முடுக்குவது, நிறுத்துவது, திருப்புவது எல்லாம் அந்த நூறுக்குள் நடக்க வேண்டும். கடன் கிடையாது! பிரேக்குக்கு 80 ரூபாய் செலவிட்டால் திருப்பத்துக்கு 60 ரூபாய் மிஞ்சும். கணக்குத் தப்பென்று நினைக்க வேண்டாம். இரண்டும் செங்கோணத்தில் உள்ள விசைகள் ஆதலால் இங்கே பித்தாகரஸ் கணக்குத்தான் செல்லும். ஆனால் நூறையும் பிரேக்குக்கே கொடுத்து விட்டால் திருப்பத்துக்கு மிஞ்சுவது சுழியே. பூட்டிக்கொண்ட முன்சக்கரம், ஸ்டீயரிங்கை எப்படி ஒடித்தாலும் திரும்பாததன் காரணம் இதுதான்.

மழை வந்தால் சம்பளமே குறைந்து விடுகிறது. அதிலும் முதல் மழை பொல்லாதது. சாலையில் நாட்கணக்கில் படிந்த எண்ணெயும் புழுதியும் டயர்த் துகளும் நீரோடு குழைந்து வழுவழுப்பான பூச்சாகின்றன. உலர்ந்த தார்ச் சாலையின் உராய்வுக் கெழு 0.7 என்றும், நனைந்த சாலையில் 0.4 என்றும் வைத்துக் கணக்கிட்டுப் பார்த்தேன். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் பிரேக் பிடித்தால், காய்ந்த சாலையில் ஏறத்தாழ 20 மீட்டரில் நிற்கும் கார், ஈரச் சாலையில் 35 மீட்டர் ஓடிய பிறகே நிற்கும். 50 மீட்டர் ஆரமுள்ள வளைவைக் காய்ந்த சாலையில் 66 கி.மீ. வேகம் வரையில் கடக்கலாம். ஈரத்தில் 50 கி.மீ.யைத் தாண்டினாலே பிடிமானம் தீர்ந்து விடும். வளைவு அதேதான்; ஓட்டுநரும் அவரேதான்; வானம் மட்டுமே மாறியது!

டவுன் பஸ்ஸில் நின்று வரும் நமக்கு இன்னொரு உண்மையும் தெரியும். டிரைவர் வேகத்தைக் குறைத்தால் நாம் எல்லோரும் முன்பக்கம் சாய்கிறோம். காரின் எடையும் அப்படியே முன்னே சாய்கிறது. முன்சக்கரங்கள் அழுந்துகின்றன, பின்சக்கரங்கள் இலேசாகின்றன. இலேசான சக்கரத்துக்குச் சம்பளமும் குறைவு. அந்த நேரம் பார்த்து வளைவும் வந்தால், பின்சக்கரம் கட்டுக்குள் நிற்காமல் வெளியே நழுவுகிறது. அப்பாவுக்கு நேர்ந்தது இதுதான்.

மாறிய வண்டி, மாறாத பாடம்

அப்படியானால் அம்பாசிடரில் இத்தனை ஆண்டுகள் ஏன் நேரவில்லை? இங்கேதான் விஷயம் இருக்கிறது. அம்பாசிடரும் பிரீமியர் பத்மினியும் பின்சக்கரங்களால் தள்ளப்படும் கார்கள். அவற்றில் ஈரச் சாலையில் வால் வீசுவது பெரும்பாலும் பின்சக்கரங்களுக்குக் கொடுத்த விசை அதிகமாகி விடுவதால். காலைத் தளர்த்தினால் விசை குறையும், வால் அடங்கும். "வண்டி வழுக்கினால் காலை எடு" என்பது அந்தக் காலத்து ஓட்டுநர்களின் வேதவாக்கு. அப்பா அதைத் தன் குருவிடம் கற்றார். குரு அவருடைய குருவிடம் கற்றார்.

1983 டிசம்பர் 14-ஆம் நாள் முதல் மாருதி 800 உரிமையாளர் கைக்கு வந்தது. அதன் 796 சி.சி. எஞ்சின் முன்சக்கரங்களைச் சுழற்றியது. நம் நாட்டுச் சாலைகளில் முன்சக்கர இழுவை பெருவழக்கானது அதிலிருந்துதான். 2014-ஆம் ஆண்டில் மாருதி 800, அம்பாசிடர் இரண்டின் உற்பத்தியும் நின்று போயின. ஆனால் மாருதி காட்டிய வழியிலேயே இன்று விற்கும் சிறிய கார்களில் மிகப் பெரும்பாலானவை வருகின்றன. குதிரை, வண்டியின் பின்னாலிருந்து முன்னுக்கு வந்து விட்டது. சாரதிக்குச் சொன்ன பாடம் மட்டும் மாறவில்லை.

முன்சக்கர இழுவைக் காரில் முன்டயர்களுக்கு மூன்று செலவு. இழுப்பதும் அவையே, திருப்புவதும் அவையே, நிறுத்தும் வேலையில் பெரும்பங்கும் அவற்றுக்கே. ஆகையால் வேகமாக வளைவில் புகுந்தால் முதலில் கடனாளி ஆவது முன்டயர்தான். ஸ்டீயரிங் திரும்பியிருக்கும், கார் நேரே போகும். அப்போது இன்னும் ஒடிப்பதால் பயனில்லை. காலைச் சற்றே தளர்த்தி, ஸ்டீயரிங்கையும் கொஞ்சம் நேராக்கினால் டயர் மீண்டும் பிடிக்கும்.

ஆனால் வளைவின் நடுவில் திடீரென்று காலை எடுத்து விட்டால் கதை தலைகீழாகும். பின்புறம் வீசும். அப்போது "காலை எடு" என்ற பழைய வேதம் நஞ்சாகிறது. ஏற்கெனவே இலேசான பின்சக்கரத்தை அது மேலும் இலேசாக்குகிறது. செய்ய வேண்டியது நேர் எதிரானது. போக வேண்டிய திசைக்கு முன்சக்கரங்களைக் காட்டி, ஆக்சிலேட்டரை மெதுவாக, மிக மெதுவாக அழுத்த வேண்டும். எடை பின்னே சாயும், பின்டயர் பிடிக்கும், முன்சக்கரம் காரை இழுத்து நேராக்கும். அப்பாவின் கை தப்பவில்லை. அது கற்ற பாடத்தைப் பிழையின்றிச் செய்தது. பாடம் வேறொரு வண்டிக்கு உரியது, அவ்வளவுதான்!

இன்னொரு காரணமும் பின்னர் தெரிந்தது. அந்தக் காருக்கு அண்மையில் இரண்டு டயர் மட்டும் மாற்றியிருந்தார்கள். முன்டயர்தானே சீக்கிரம் தேய்கிறது என்று புதியவற்றை முன்னால் மாட்டி, பட்டன் தேய்ந்தவற்றைப் பின்னால் விட்டிருந்தார்கள். பல பட்டறைகளில் இதுவே வழக்கம். டயர்த் தயாரிப்பாளர்கள் சொல்வதோ இதற்கு நேர்மாறு: இரண்டு மட்டும் மாற்றினால், முன்சக்கர இழுவைக் காரானாலும், நல்ல டயர்கள் பின்னால்தான் இருக்க வேண்டும். முன்டயர் வழுக்கினால் ஓட்டுநருக்குக் கையில் தெரியும். பின்டயர் வழுக்கினால் தெரிவதற்குள் வண்டி சுற்றி விடும். நண்பர்களே, இக்கட்டுரையில் வேறெதுவும் உங்கள் மனத்தில் நிற்காவிட்டாலும் இந்த ஒன்றை உங்கள் வீட்டில் போய்ச் சொல்லுங்கள்.

பனி நாட்டு வாத்தியார்கள்

முன்சக்கர இழுவைக் காரைச் சறுக்க விடும் கலையில் உலகுக்கு வாத்தியார்கள் பனி படர்ந்த வட ஐரோப்பியர்கள். ஸ்வீடன் நாட்டு எரிக் கார்ல்சன், சாப் 96 என்ற சிறிய முன்சக்கர இழுவைக் காரை ஓட்டி, பிரிட்டனின் ஆர்.ஏ.சி. ராலியில் 1960, 1961, 1962 ஆகிய மூன்று ஆண்டுகளும், மான்டி கார்லோ ராலியில் 1962, 1963 ஆகிய இரண்டு ஆண்டுகளும் வெற்றி பெற்றவர். அந்தக் காரின் எஞ்சின் மூன்று சிலிண்டர், 841 சி.சி. நம் மாருதி 800-இன் எஞ்சினைவிடச் சற்றே பெரிது, அவ்வளவுதான்! எஞ்சினின் வேகம் விழாமலிருக்க வலக்காலை ஆக்சிலேட்டரில் வைத்தபடியே இடக்காலால் பிரேக்கைத் தொடுவது அவர்கள் வழக்கம். முன்சக்கரம் இழுத்துக் கொண்டிருக்கும்போதே பின்சக்கரம் இலேசாகி நழுவும். காரின் மூக்கு வளைவுக்குள் திரும்பும். கார்ல்சன் பலமுறை காரைக் கவிழ்த்தவர் ஆதலால் அவருக்குக் "கூரைமேல் கார்ல்சன்" என்றே பட்டப்பெயர். குருவும் சறுக்கி விழுந்துதான் குருவானார்!

இன்று நம் இளைஞர்கள் கைப்பேசியில் கண்டு வியக்கும் டிரிஃப்ட் வேறு வகை. அது ஜப்பானில் வளர்ந்தது. பின்சக்கரத்தால் தள்ளப்படும் கார்களுக்கு உரியது. ஆக்சிலேட்டரை மிதித்துப் பின்சக்கரத்தைச் சுழல வைத்துப் புகை கிளப்பி நெடுநேரம் சறுக்கலாம். நம் வீட்டுச் சிறிய கார்களில் அது நடவாது. மிதித்தால் முன்சக்கரமே சுழலும். கார் சறுக்கலிலிருந்து நேராகி விடும். முன்சக்கர இழுவைக் காரின் குறை என்று இதைச் சிலர் சொல்வர். நான் இதையே அதன் பெருமை என்பேன். அதனால் நெடுநேரம் சறுக்கிக் காட்ட இயலாது. ஆனால் சறுக்கலிலிருந்து தன்னைத்தானே இழுத்துக்கொள்ள இயலும். ஓட்டுபவருக்கு அது தெரிந்திருந்தால் போதும்.

தரிசு நிலத்தில் ஒரு பாடசாலை

தெரிந்து கொள்வது எப்படி? மேலூர்ப் பக்கம் எங்கள் தாய்மாமன் பட்டறை வைத்திருக்கிறார். அவரிடம் பழைய மாருதி 800 ஒன்று உண்டு. உறவினர் ஒருவரின் செம்மண் சரளைத் தரிசு நிலத்தைக் கேட்டு வாங்கினோம். கிணறு இருக்கிறதா, மரம் இருக்கிறதா என்று நடந்து பார்த்தோம். ஆடு மாடு வராமல் இரண்டு பேரைக் காவல் வைத்தோம். சாக்குகளில் வைக்கோல் அடைத்து எல்லைக்கு வைத்தோம். பின்னால் மொட்டை டயர் மாட்டினோம். இருக்கைப் பட்டை போடாமல் சாவியைத் தொடக்கூடாது, 30 கி.மீ.யைத் தாண்டக்கூடாது என்பது மாமாவின் கட்டளை.

இரண்டாவது கியரில் போய் ஸ்டீயரிங்கை வேகமாக ஒடித்தேன். கார் சாதுவாக நேரே போய் வைக்கோல் மூட்டையை முட்டியது. "மாப்ளே, மூட்டைக்கு முத்தம் கொடுக்கவா வந்தோம்?" என்றார் மாமா. பிறகு சொல்லிக் கொடுத்தார். திரும்பத் தொடங்கும்போதே காலைச் சட்டென்று எடு. கிளட்சை மிதி, ஹேண்ட் பிரேக்கின் பொத்தானை அழுத்தியபடியே ஒரு நொடி இழுத்து விடு. பின்சக்கரம் மட்டும் பூட்டிக் கொள்ளும். அப்படியே செய்தேன். என் முதுகுக்குப் பின்னால் பூமியே நகர்ந்தது போலிருந்தது. புழுதியடங்கிப் பார்த்தபோது கார் வந்த வழியைப் பார்த்து நின்று கொண்டிருந்தது.

பத்துப் பன்னிரண்டு முறை சுற்றிய பிறகு ஒரு முறை மீண்டேன். அன்று மூன்று பாடங்கள் கற்றேன். முதலாவது, கண் போகும் இடத்துக்குக் கை போகும். வரப்பைப் பார்த்தால் வரப்புக்குத்தான் போவோம், போக வேண்டிய வழியைப் பார்க்க வேண்டும். இரண்டாவது, மீட்கும் கால் மிருதுவாக இருக்க வேண்டும். பதறிய கால் எதைச் செய்தாலும் தப்பே. மூன்றாவது பாடம்தான் பெரியது. வெறும் 30 கி.மீ. வேகத்தில், காலி மைதானத்தில், சறுக்கப் போகிறது என்று முன்கூட்டியே தெரிந்திருந்தும் பத்தில் ஒன்பது முறை என்னால் மீள முடியவில்லை. அப்படியிருக்க 80 கி.மீ. வேகத்தில், ரிங் ரோட்டில், எதிர்பாராமல் சறுக்கினால் என் கதி என்ன? அன்று முதல் மழை நாளில் நான் வண்டியின் வேகத்தைத் தானாகவே குறைக்கிறேன். எத்தனையோ அறிவுரைகள் செய்யாததை அந்த வைக்கோல் மூட்டை செய்தது.

எதிர்ப்புக்கு விடை

"சறுக்கக் கற்றுக் கொடுத்தால் பையன்கள் சாலையில் சறுக்கிக் காட்டத்தானே செய்வார்கள்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இதற்குச் சான்றும் உண்டு. நார்வே நாட்டில் புதிய ஓட்டுநர்களுக்கு வழுக்குத் தளப் பயிற்சியைக் கட்டாயமாக்கினார்கள். 1980களின் பிற்பகுதியில் வெளியான ஆய்வில், பயிற்சி பெற்ற இளைஞர்கள் வழுக்குச் சாலையில் அதிகம் விபத்துக்குள்ளானது தெரிய வந்தது! காரணம் என்ன? "எனக்குத்தான் தெரியுமே" என்ற மிதப்பு. பயிற்சியை அவர்கள் கைவிட்டு விடவில்லை, நோக்கத்தைத் திருத்தினார்கள். திறமையைக் காட்டுவதற்குப் பதில், திறமையின் எல்லையைக் காட்டுவதாக மாற்றினார்கள். ஸ்வீடனிலும் நார்வேயிலும் இன்றும் வழுக்குத் தளத்தில் பாடம் பெறாமல் கார் உரிமம் கிடையாது. மாணவர் அங்கே கற்க வேண்டியது, "நான் எவ்வளவு கெட்டிக்காரன்" என்பதை அன்று. "இந்த வேகத்தில் நான் எவ்வளவு சிறியவன்" என்பதையே.

ஆகவே, இரவில் ரிங் ரோட்டில் காரைச் சுழற்றிப் படமெடுக்கும் தோழர்களுக்கு இக்கட்டுரையில் ஆதரவு தேட வேண்டாம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவு அபாயகரமாக ஓட்டுவதைக் குற்றமாக்குகிறது. 189-ஆம் பிரிவு சாலையில் பந்தயம் விடுவதைக் குற்றமாக்குகிறது. சட்டத்தை விடுங்கள், வேலை முடிந்து சைக்கிளில் வீடு திரும்பும் ஒரு தொழிலாளியின் உயிர் உங்கள் ஒத்திகைக்கு விலையா?

"இப்போதுதான் ஏ.பி.எஸ். வந்து விட்டதே" என்பது அடுத்த வாதம். 2019 ஏப்ரல் முதல் புதிய கார்களுக்கு அது கட்டாயம் என்பது உண்மை, வரவேற்க வேண்டியது. ஆனால் அது பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டாமல் காக்கும். நூறு ரூபாயை ஒழுங்காகச் செலவிட உதவும். நூறை நூற்றைம்பது ஆக்காது. அப்பா பிரேக்கைத் தொடவே இல்லை என்பதை நினைவிற் கொள்க. மேலும், பழைய கார்கள் இன்னும் பல்லாண்டுகள் நம் சாலைகளில் ஓடத்தான் போகின்றன. அவற்றை ஓட்டுபவர்கள் பெரும்பாலும் எங்களைப் போன்றவர்களே.

என்ன செய்யலாம்?

2022-ஆம் ஆண்டில் மட்டும் தமிழகத்தில் 64,105 சாலை விபத்துகள், 17,884 உயிரிழப்புகள். மத்திய அரசின் கணக்கு இது. எல்லாம் சறுக்கலால் நேர்ந்தவை என்று நான் சொல்ல வரவில்லை. அதிவேகமே முதற் காரணம். ஆனால் வேகத்தின் விலையை உடம்பால் உணர்ந்தவன் வேகத்துக்கு அஞ்சுவான் என்றே சொல்கிறேன்.

1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 15-ஆம் விதி ஓட்டுநர் தேர்வைப் பற்றிப் பேசுகிறது. பின்னோக்கி ஓட்ட வேண்டும், அவசரத்தில் நிறுத்த வேண்டும் என்றெல்லாம் கேட்கிறது. வழுக்குத் தளத்தில் ஒரு முறையேனும் நிறுத்திக் காட்டு என்று கேட்கவில்லை. 2021-இல் வந்த விதிகளின்படி அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பயிற்சி மையங்களில் இலகுரக வாகனப் பயிற்சிக்கு 29 மணி நேரம் ஒதுக்கப்பட்டுள்ளது. மையத்துக்குச் சொந்த ஓடுதளமும் வேண்டும். அந்த 29-இல் இரண்டே மணி நேரத்தைச் சறுக்கலுக்கு ஒதுக்கினால் என்ன? வழவழப்பான ஒரு தளம், ஒரு தண்ணீர் லாரி, ஒரு பழைய கார் போதும். வேகம் 30 கி.மீ.யே போதும். ஸ்வீடனில் காரைச் சற்றே தூக்கிப் பிடித்து டயரின் பிடிமானத்தைக் குறைக்கும் சக்கரச் சட்டம் ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள்; நம் தொழிற்பயிற்சி நிலைய மாணவர்களால் அதைச் செய்ய முடியாதா என்ன?

இடம் எங்கே என்று கேட்கலாம். சென்னைக்கருகே சோழவரத்தில் பல ஆண்டுகள் மோட்டார் பந்தயம் நடந்தது எங்கே? இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில்! பயன்படாமல் கிடந்த நிலம் பந்தயக்காரர்களை உருவாக்கிற்று. இன்று இருங்காட்டுக்கோட்டையிலும் கோவையிலும் முறையான பந்தயத் தளங்கள் உள்ளன. ஆனால் மதுரையிலிருந்து கோவைக்கே 200 கி.மீ.க்கு மேல். ஒரு நாள் கூலியை இழந்து, பந்தயத் தளத்துக்குக் கட்டணம் கட்டி, எந்த வாடகைக் கார் ஓட்டுநர் அங்கே போவார்? பந்தயம் விடுபவருக்கு இருக்கும் வசதி பிழைப்புக்கு ஓட்டுபவருக்கும் வேண்டும். மாவட்டத்துக்கு ஒரு தளம் போதும். மழைக்காலம் தொடங்குமுன் ஆவணி, புரட்டாசி மாதங்களில் வாடகை வண்டி ஓட்டுநர்களுக்கு அங்கே ஒரு நாள் இலவசப் பயிற்சி தரலாம். நம் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்டத் தோழர்கள் ஆண்டுதோறும் சாலைப் பாதுகாப்பு ஊர்வலம் போகிறோம், பதாகை பிடிக்கிறோம். அதோடு, அருகிலுள்ள வாடகைக் கார் நிறுத்தங்களுக்குப் போய், நல்ல டயர் பின்னால், வளைவில் பதறிக் காலை எடுக்காதே என்ற இரண்டு செய்திகளையாவது சொன்னால் என்ன? பௌதிகம் படித்தவர்கள் நாம். இதுகூடவா நம்மால் ஆகாது?

முடிவாக ஒன்று. தோள் ஆறிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவையும் அந்தத் தரிசுக்கு அழைத்துப் போனேன். நோட்டில் படம் போட்டுக் காட்டியபோது தலையாட்டிக் கேட்டுக்கொண்டாரே தவிர, நம்பினாரா என்று தெரியவில்லை. "மச்சான், நீங்க உக்காருங்க" என்று மாமா சாவியைக் கொடுத்தார். முதல் மூன்று முறை அவர் கால் பழைய பழக்கத்தில் தானாகவே மேலே வந்தது; கார் சுற்றியது. நான்காம் முறை வால் வீசும்போது அந்தக் கால் எழவில்லை. மெல்ல அழுந்தியது. கார் தன்னைத்தானே இழுத்துக்கொண்டு நேராக நின்றது. அப்பா எஞ்சினை அணைத்து விட்டுச் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "இதை அன்னைக்கே ஒருத்தன் சொல்லியிருந்தா..." என்றார்.

சொல்ல வேண்டியவர்கள் நாம்தாம், தோழர்களே! யானைக்கு அடி சறுக்குவதை நம்மால் தடுக்க முடியாது. சறுக்கிய யானை எழுந்து நடப்பதற்குக் கற்றுத் தர முடியும். அதற்குப் பயன்படாத கல்வி யாருக்காக?